தளர்வுச் சோதனை

கால் கட்டை விரலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறாள். விரலைத் தளர்த்துங்கள், பாதத்தைத் தளர்த்துங்கள், உங்கள் எடை முழுவதையும் தரைக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டேன். அறுபத்தெட்டு கிலோ, வாங்கிக்கொள்ளட்டும். விரல் தளர்ந்ததா இல்லையா என்றுதான் தெரியவில்லை. அளந்து பார்க்க ஒன்றும் இல்லையே. மாதத்தில் இரண்டாவது புதன்கிழமை காலை பத்து மணிக்கு இந்தப் பெண் யாமினி வந்து, எங்கள் பரிசோதனைக் கூடத்தின் மூன்றாம் மாடியில் முப்பத்திரண்டு பேரையும் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, முக்கால் மணி நேரம் ரிலாக்ஸ் செய்யக் கற்றுக்கொடுக்கிறாள். கட்டாயம் எல்லாரும் வர வேண்டும் என்று சுற்றறிக்கை. ரிலாக்ஸ் ஆவதற்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் வராந்தாக் கதவை ஒட்டி இந்தப் பக்கம். நடுவில், எல்லாருக்கும் முன்மாதிரியாக, ஜெனரல் மேனேஜர் ரங்கமன்னார் சார். அவருடைய வயிறு ஏறி இறங்குவது கண்ணைத் திறக்காமலே எனக்குக் கேட்கிறது. மனிதர் நிஜமாகவே தூங்கிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு அவர் மேஜைக்கு ஒரு அறிக்கை போக வேண்டும். அதில் என் கையெழுத்து இருக்க வேண்டும். அறிக்கையில் இருப்பது பொய் என்று இந்தக் கட்டடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இப்போது முழங்காலாம். முழங்காலை விட்டுவிட வேண்டுமாம். விட்டுவிட்டுத்தானே இவ்வளவும் வந்தது.

இவளிடம் ஒரு நாள் சொல்ல வேண்டும், கீழே தரைத்தளத்தில் எனக்கும் இதே வேலைதான் என்று. இவள் ஆட்களைத் தளர்த்துகிறாள், நான் எஃகு எவ்வளவு தளர்கிறது என்று பார்க்கிறேன். அதற்குப் பெயரும் ரிலாக்சேஷன் டெஸ்ட்தான். பாலத்தின் உத்தரத்துக்குள் முறுக்குக் கம்பியை இழுத்து வைத்துத்தான் கான்கிரீட்டைக் கட்டிப் பிடித்திருப்பார்கள். அந்தக் கம்பி வெளியே தெரியாது, ஆனால் மேலே போகிற பஸ்ஸும் லாரியும் அதை நம்பித்தான் போகின்றன. இழுத்துக் கட்டின எஃகு அப்படியே நிற்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நிற்காது. நீளம் ஒரு முடிகூட மாறாமல், பார்ப்பதற்கு அப்படியே இருந்துகொண்டே, உள்ளுக்குள் இழுவிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த விட்டுக்கொடுத்தல் ஆயிரம் மணி நேரத்தில் நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் போகக் கூடாது. ஆயிரம் மணி நேரம் என்றால் நாற்பத்தொரு நாளும் பதினாறு மணியும். நான் கம்பியை இரண்டு பிடிகளுக்கு நடுவே பதின்மூன்று டன்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டு அத்தனை நாளும் காத்திருப்பேன். அறை இருபது டிகிரியிலேயே இருக்க வேண்டும், இரண்டு டிகிரி கூடலாம் குறையலாம், அதற்கு மேல் கூடாது. சூடு ஏறினால் எஃகு கூடுதலாகத் தளரும். தளர்ந்தது தளர்ந்ததுதான், மறுபடி குளிர வைத்தால் திரும்பி வராது. மனிதர்களுக்கு நல்லது என்று சொல்லப்படுகிற ஒன்று கம்பிக்குக் கெடுதல், இது எனக்கு இருபத்தாறு வருடமாக வேடிக்கையாகத்தான் இருந்தது. இந்தக் கம்பிக்கு வந்த எண் இரண்டு புள்ளி ஏழு இரண்டு. தேறவில்லை. ஆனால் கம்பி மேல் தப்பில்லை, தப்பு என் மேல். இடுப்பைத் தளர்த்தச் சொல்கிறாள். சரி.

ஆயுத பூஜை அன்று நடந்தது அது. எங்கள் கூடத்தில் அன்றைக்கு எல்லா இயந்திரத்துக்கும் ஓய்வு. துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, சரம் சுற்றி, சுவிட்சை அணைத்துவிடுவார்கள். இழுத்து முறிக்கிற இயந்திரம், இடித்துப் பார்க்கிற இயந்திரம், தராசு, கம்ப்யூட்டர் எல்லாம் அன்று சும்மா நிற்கும். என்னுடைய அறையில் இருப்பதை மட்டும் நிறுத்த முடியாது. ஆயிரம் மணி நேரத்தில் எழுநூறை அப்போதுதான் தாண்டியிருந்தது. அதனால் வருடா வருடம் அந்த அறையைத் திறக்கவே விடமாட்டேன். கதவில் ஒட்டியிருக்கிற தாள் நான் எழுதியது: சோதனை நடக்கும்போது கதவைத் திறந்து வைக்கக் கூடாது, ஏ.சி.யை அணைக்கக் கூடாது. போன வருடம் எழிலரசி என்கிற புதுப் பெண் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் போன் பேசினாள் என்று மெமோ கொடுத்தவள் நான். அழுதாள். அழட்டும் என்று விட்டேன். அப்படிப்பட்ட எனக்கு இந்த வருடம் என்ன வந்ததோ. எல்லா இயந்திரத்துக்கும் ஆரத்தி காட்டி முடித்ததும், பாவம், இன்றைக்கு வேலை செய்கிற ஒரே இயந்திரம் அது, அதற்கு மட்டும் ஒரு பொட்டு கிடையாதா என்று தோன்றிவிட்டது. நான் பெரிய பக்தையும் இல்லை. கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், கதவை ஒழுங்காகச் சாத்தினேன். ஏ.சி. காற்றில் கற்பூரம் அணைந்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவையும் அணைந்தால் நல்லதில்லை என்று மனசுக்குள் ஏதோ சொல்லிற்று. இயற்பியல் படித்தவள்தான், முதல் வகுப்பு. ரிமோட்டை எடுத்து ஏ.சி.யை அணைத்தேன். சுடர் நின்றது. மூன்று சுற்றுச் சுற்றிக் கும்பிட்டேன். அதற்குள் வாசலில் பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள், மேடம் வாங்க, மேடம் இல்லாம எப்படி என்று. போனேன். வெளியே வந்து பூட்டினது ஞாபகம் இருக்கிறது.

பூட்டினது ஞாபகம் இருக்கிறது. அணைத்தது ஞாபகம் இருக்கிறது. மறுபடி போட்டது மட்டும் ஞாபகம் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டில் பொரிப் பொட்டலத்தை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது, பொரிக்கும் கடலைக்கும் நடுவில் அந்த ரிமோட் கிடந்தது. அங்கேதான், அந்த ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அதை எத்தனை தடவை சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறேன். கே.கே. நகர் வீட்டிலிருந்து துவாக்குடியில் இருக்கிற கூடத்துக்கு ஆட்டோவில் முக்கால் மணி நேரம். சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. போயிருக்கலாம். எட்டு மணி நேரச் சூட்டோடு போயிருக்கும், அதற்கு ஒரு குறிப்பு எழுதி ஏதாவது கணக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் என்ன செய்தேன், போட்டுவிட்டுத்தான் பைக்குள் வைத்திருப்பேன் என்று நினைத்தேன். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாகப் போட்டிருக்கும். போடாமல் யாராவது ரிமோட்டைப் பையில் வைப்பார்களா. ஒவ்வொரு தடவை நினைத்தபோதும் போட்டது இன்னும் கொஞ்சம் நிச்சயமாயிற்று, கடைசியில் பொத்தானை அழுத்தின சத்தம்கூடக் கேட்டது. என் வீட்டுக்காரர் சோபாவில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு, லீவு நாள்ல கூட மூஞ்சிய இப்படி வெச்சிருக்கியே, கொஞ்சம் ரிலாக்ஸா இரேன் என்றார். அவருக்கு அது வேர்க்கடலையும் டி.வி.யும். எனக்கும் அன்றைக்கு அதுவாகத்தான் இருந்தது. உட்கார்ந்தேன், உரித்தேன், தின்றேன். மறுநாள் விஜயதசமி, அன்றும் விடுமுறை. மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு அறையைத் திறந்தபோது முகத்தில் சூடு அடித்தது. முப்பத்துமூன்று டிகிரி, நாற்பத்தைந்து மணி நேரம். நான் ஏ.சி.யைப் போட்டேன். அறைச் சூட்டைத் தானாகப் பதிகிற கருவியிலிருந்து அந்த வாரத்து வெப்பநிலைத் தாளைக் கழற்றி என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்க மாட்டார்கள், அந்தத் தாளைப் பார்க்கிறவள் நான்தான்.

தோளாம். தோள்பட்டைதான் பாரத்தையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும் என்கிறாள் யாமினி. இந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்குமா. தேன் மாதிரிக் குரல். இந்த வார்த்தையைத்தான் எத்தனை பேர் எத்தனை விதமாக எனக்குச் சொல்லிவிட்டார்கள். ஆடி மாதம் இதயத்தை ஸ்கேன் செய்த டாக்டரம்மா சொன்னார், உங்க இதயம் சுருங்குறதுல ஒண்ணும் குறையில்லை, சுருங்கின பிறகு தளர்றதுலதான் கொஞ்சம் தாமதம். நான் சிரித்துவிட்டேன். எவ்வளவு சதவீதம் என்று கேட்டேன், அவருக்குப் புரியவில்லை. இதயத்துக்கு அது வேலை, தளராவிட்டால் அடுத்த துளி ரத்தம் உள்ளே வராது. ஊரடங்குக் காலத்தில் பேப்பரைத் திறந்தால் தளர்வு, புதிய தளர்வு, கூடுதல் தளர்வு, தளர்வு வந்தால் டீக்கடை திறக்கும். நான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது வயது வரம்பில் எனக்கு இரண்டு வருடத் தளர்வு கொடுத்தார்கள், அதனால்தான் உள்ளே வந்தேன். எல்லாம் நல்லதுக்குத்தான். ரங்கமன்னார் சாருக்கு மட்டும் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். எந்தச் சிக்கலைக் கொண்டுபோய் வைத்தாலும், ரிலாக்ஸ்ம்மா, பாத்துக்கலாம் என்பார். பார்க்க மாட்டார். அந்தச் சிக்கல் அவர் மேஜையில் கிடந்து பழசாகி, ஒரு நாள் சிக்கலே இல்லை என்று ஆகிவிடும். கெட்ட மனிதர் இல்லை, எழிலரசியின் மெமோவைக் கிழித்துப் போட்டவரே அவர்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது. நான் போய்ச் சொன்னால் என்ன சொல்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கம்பிக்காரன் வேற லாட் அனுப்பட்டும்மா, அதைச் சோதிச்சுக்கலாம், இதைப் போய் ஏன் கிளறணும். நானும் தலையாட்டிவிட்டு வருவேன். வந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

கம்பிக்காரன் என்றால் ஓசூரில் இருக்கிற ஒரு சின்னத் தொழிற்சாலை. நான் பார்த்ததில்லை. அங்கே தரம் பார்க்கிறவர் கஜேந்திரன், போனில் மட்டும் பழக்கம். தொள்ளாயிரமாவது மணி நேரத்தில் கூப்பிட்டு, மேடம், எப்படிப் போகுது என்று கேட்டார். எனக்கு அப்போதே சொல்ல வாய் வந்தது. வாய் வந்தது, ஆனால் வெளியே வந்தது வேறு. கொஞ்சம் அதிகமாத்தான் போயிட்டிருக்கு என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஒவ்வொரு எழுத்தும் நிஜம். நான்கு நாள் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். கோளாறு எங்கே என்று தேடிப் பார்த்தார்களாம். கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டே சூடாக்குகிற உலை ஒன்று உண்டு, பின்னால் கம்பி அதிகம் தளராமல் இருப்பதற்கு அந்தச் சூடுதான் காரணம். அதைப் பார்த்துக்கொள்கிறவர் முனிரத்தினம், இருபத்திரண்டு வருட ஆள். அன்றைக்குச் சூடு இறங்கியிருக்கும், அவர் கவனிக்கவில்லை என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். திட்டவில்லையாம். உங்களுக்கும் வயசாச்சு, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வீட்ல ரெஸ்ட் எடுங்க என்று அனுப்பிவிட்டாராம். ரிப்போர்ட் வந்தபின் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, கஜேந்திரனும் சொல்லவில்லை. ஆறு நாளாக ஓசூரில் ஒரு மனிதர் காலையில் எழுந்து, போவதற்கு இடமில்லாமல், ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடும்போதெல்லாம் அவர் சாப்பிட்டாரா என்று நினைக்கிறேன். முகம் தெரியாத ஆளை நினைத்து எனக்கு அழுகை வருகிறது, இதோ, இப்போதுகூட, மல்லாந்து படுத்திருப்பதால் கண்ணீர் நேராகக் காதுக்குள் போகிறது. யாமினி பார்த்தால் நன்றாகத் தளர்ந்துவிட்டேன் என்று சந்தோஷப்படுவாள்.

முகத்தைத் தளர்த்துங்கள், தாடையைத் தளர்த்துங்கள், பல்லைக் கடித்திருந்தால் விட்டுவிடுங்கள். மாட்டேன். இதை மட்டும் விட மாட்டேன். அறிக்கைப் படிவத்தில் என் கையெழுத்துக்கு மேலே அச்சிலேயே ஒரு வரி இருக்கிறது, சோதனைக் காலம் முழுவதும் வெப்பநிலை இருபது டிகிரியில் வைத்திருக்கப்பட்டது என்று. அதை இருபத்தாறு வருடமாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன், ஏனென்றால் அது எப்போதும் உண்மையாக இருந்தது. இன்றைக்குப் போட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது. பாலம் விழாது, அந்தக் கம்பி பாலத்துக்கே போகாது. எனக்கு ஒன்றும் ஆகாது. முனிரத்தினத்துக்கு மட்டும் ஆகும். அதுவும் அவருக்குத் தெரியாமலே ஆகும். சொன்னால் என்ன ஆகும் என்று நேற்று ராத்திரி முழுக்க எண்ணினேன், இப்போது எண்ணுவதற்குக்கூட ஒன்றும் மிச்சமில்லை. மெமோ வரும். வரட்டும். சித்திரையில் வர வேண்டிய பதவி உயர்வு வராது. எழிலரசி சிரிப்பாள், சிரிக்க அவளுக்கு உரிமை உண்டு. மறுபடி நாற்பத்தொரு நாள் பதினாறு மணி. ரங்கமன்னார் சார் முதல் தடவையாக ரிலாக்ஸ் என்று சொல்லாமல் இருப்பார். எதுவும் தாங்க முடியாதது இல்லை. இவ்வளவு நாள் நான் பயந்தது தண்டனைக்கு இல்லை என்று இப்போது தெரிகிறது. தப்பே செய்யாத மங்கையர்க்கரசி மேடம் என்று ஒருத்தி இருந்தாளே, அவளை விட மனசில்லாமல்தான் பயந்தேன். போகட்டும் அவள். சார் எழுந்து, என்னம்மா என்று கேட்டுவிட்டால் நான் குழைந்துவிடுவேன். அதனால் அவரிடம் அப்புறம். முதலில் ஓசூர். சொல்லிவிட்டால் பிறகு யாரும் அதை என்னிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. இது ஒழுங்கு இல்லை, சோதனை முடிவை வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லக் கூடாது என்பதும் ஒரு சுற்றறிக்கைதான். எழுந்திருக்கிறேன்.

யாமினி விரலை உதட்டில் வைத்து என்னைப் பார்க்கிறாள், இன்னும் பத்து நிமிடம் என்று சைகை காட்டுகிறாள். கையைக் கூப்பிவிட்டு, ஓரத்து நாற்காலியில் எல்லாருடைய போனும் கிடக்கிற குவியலில் என்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வருகிறேன். கதவைச் சாத்தவில்லை. கஜேந்திரன் இரண்டாவது மணியிலேயே எடுக்கிறார், ரிப்போர்ட் ரெடியா மேடம் என்கிறார். நலம் விசாரிக்காமல் சொல்கிறேன். ரிப்போர்ட் வராது. சோதனை செல்லாது. ஆயுத பூஜை அன்று நான் ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போடாமல் போனேன், நாற்பத்தைந்து மணி நேரம் அறை சூடாக இருந்தது, அந்தச் சூட்டில் எந்தக் கம்பியும் கூடுதலாகத் தளரும். உங்கள் கம்பி நல்லது என்று என்னால் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது, கெட்டது சோதனைதான். இதை எழுத்தில் இன்றைக்கே அனுப்புகிறேன். வெப்பநிலைத் தாளையும் சேர்த்து அனுப்புகிறேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பிறகு கஜேந்திரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறார்.

"மேடம், முனிரத்தினம் இங்கதான், என் எதிர்ல உட்கார்ந்திருக்காரு. சூடு எறங்கினதைக் கவனிக்காம விட்டது நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து குடுத்திருக்காரு. யாரும் கேக்கலை மேடம். அவராத்தான்."

போனை அவரிடம் கொடுக்கச் சொல்கிறேன். கை மாறுகிற சத்தம், நாற்காலி நகர்கிற சத்தம். நான் யார் என்று கஜேந்திரன் சொல்லியிருக்க வேண்டும், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிடுகிறார். நின்றுகொண்டு பேசுகிற குரல்.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. நெனைச்சு நெனைச்சுப் பாத்தேன். அன்னிக்குச் சூட்டைப் பாத்த மாதிரிதான் ஞாபகம். ஆனா பாத்திருந்தா கம்பி எப்படிம்மா கெடும்? பாக்காமத்தான் இருந்திருப்பேன். இப்பல்லாம் பாக்காம விட்டதுதான் நல்லா ஞாபகத்துக்கு வருது."

ஆறு நாளில் இந்த மனிதர் தான் செய்யாத தப்பை ஞாபகப்படுத்திக்கொண்டுவிட்டார். ஒரே சாயங்காலத்தில், வேர்க்கடலை உரித்துக்கொண்டே, நான் செய்யாத ஒன்றைச் செய்ததாக ஞாபகப்படுத்திக்கொண்டேன். என்னுடையது எனக்குச் சுகமாக இருந்தது. அவருடையதை அவர் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். உங்கள் பழைய ஞாபகம்தான் சரி, நீங்கள் பார்த்தீர்கள், தப்பு இங்கே நடந்தது என்று சொல்கிறேன். புரியவில்லை அவருக்கு. மறுபடி முதலிலிருந்து, கற்பூரம், ஏ.சி., பூட்டின கதவு, சாயங்காலம் பையில் பார்த்தது, பார்த்தும் போகாதது எல்லாவற்றையும் சொல்கிறேன். இரண்டு வாரம் சொல்லாமல் இருந்ததையும் சொல்கிறேன்.

"அப்போ நான் எழுதிக் குடுத்தது பொய்யாம்மா?" என்கிறார்.

"பொய்தாங்க. நான் எழுதாம இருந்ததுனால நீங்க எழுதின பொய்."

உள்ளே யாமினி மெதுவாகக் கண்களைத் திறக்கச் சொல்வது கேட்கிறது. பாய்களைச் சுருட்டுகிற சத்தம். ரங்கமன்னார் சார் தலைமுடியைக் கோதிக்கொண்டு கதவில் வந்து நிற்கிறார், யாரும்மா போன்ல என்கிறார். நான் குரலைத் தாழ்த்தவில்லை. அந்தத் தாளில் உங்கள் பெயர் இருக்கிற இடத்தை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று முனிரத்தினத்திடம் சொல்கிறேன். பேனா கேட்கிறார் கஜேந்திரனிடம். கொஞ்சம் நீளமான பேராம்மா, மெதுவாச் சொல்லுங்க என்கிறார். சாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாக, முனிரத்தினம் எழுதி முடிக்கிற வரைக்கும் சொல்கிறேன்.